மனைவியின் கிரீன் கார்டுக்குச் சித்தப்பா கையெழுத்துப் போடலாமா?

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் பெண்ணை அமெரிக்க மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்த வீடுகளில், கல்யாணப் பந்தல் பிரிப்பதற்குள் இன்னொரு பேச்சு தொடங்கிவிடுகிறது. மாப்பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்தான். ஆனால் இன்னும் ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கிறார், அல்லது வேலை மாறுகிற இடைவெளியில் நிற்கிறார். மனைவியை அழைத்துக்கொள்ள அவர் வருமானம் மட்டும் போதாது என்கிறார்கள். உடனே உறவுக்குள் தேடல் ஆரம்பமாகிறது. டல்லாஸில் சித்தப்பா இருக்கிறார். நியூ ஜெர்சியில் பெரியம்மா மகன் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறார். மன்னார்குடியில் தாய்மாமாவுக்கு மூன்று வேலி நஞ்சை இருக்கிறது. "ஒரு கையெழுத்துதானே, யாராவது போட்டுவிடுவார்கள்" என்று பெரியவர்கள் நம்பிக்கையோடு சொல்லிவிடுகிறார்கள்.

இவர்களில் யார் கையெழுத்துப் போட முடியும், போடுகிறவர் எதற்குக் கட்டுப்படுகிறார் என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. தெரியாமல் கேட்கிறார்கள், தெரியாமல் போடுகிறார்கள். உதவி செய்ய முன்வருகிற ஒரு நல்ல மனிதருக்கு அவர் தலையில் ஏறப்போவது என்ன என்று முழுமையாகச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம். அதற்காகவே இந்த விளக்கம்.

அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ தன் மனைவியை அல்லது கணவரை அழைத்துக்கொள்ள முதலில் ஐ-130 என்ற மனுவைக் கொடுக்கிறார். இவர்கள் உண்மையிலேயே கணவன் மனைவி என்பதை நிறுவுவதுதான் அந்த மனுவின் வேலை. அது ஏற்கப்பட்ட பிறகு பணத்தைப் பற்றிய கேள்வி வருகிறது. வருகிறவர் அரசின் உதவியை நம்பி வாழும் நிலைக்குப் போய்விட்டால் யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்கு எழுத்தில் கொடுக்கும் பதில்தான் ஐ-864 என்ற ஆதரவு உறுதிப் பத்திரம்.

முன்பும் இப்படிப்பட்ட உறுதிமொழிகள் இருந்தன. ஆனால் அவற்றை வைத்துப் பணம் வசூலிக்க வழியில்லை என்று நீதிமன்றங்கள் சொல்லிவந்தன. 1996ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத் திருத்தம் அதை மாற்றியது. 1997 டிசம்பர் 19 முதல் நடைமுறைக்கு வந்த ஐ-864, நீதிமன்றத்தில் நிறைவேற்றக்கூடிய ஒப்பந்தம். ஒரு பக்கம் கையெழுத்திடுபவர், மறுபக்கம் அமெரிக்க அரசு. வந்து குடியேறுகிறவரும் இந்த ஒப்பந்தத்தைக் காட்டி உரிமை கோரலாம். கூட்டுறவுச் சங்கத்தில் பக்கத்து நிலத்துக்காரரின் பயிர்க்கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு இந்த மாதிரிப் பொறுப்பின் கனம் தெரியும். ஆனால் அங்கே கடன் எவ்வளவு, தவணை எப்போது என்பதாவது தாளில் இருக்கும். இங்கே தொகையும் இல்லை, தேதியும் இல்லை.

மனு கொடுத்த கணவரின் வருமானம் போதாது என்றாலும், ஒரு டாலர் கூட இல்லை என்றாலும், முதல் ஐ-864 பத்திரத்தை அவர்தான் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். சித்தப்பா முன்வந்துவிட்டார் என்பதால் கணவர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. சித்தப்பா தருவது இரண்டாவது பத்திரம். அப்படி இரண்டாவதாகக் கையெழுத்திடுபவரைத்தான் இணை ஸ்பான்சர் என்கிறோம்.

யார் இணை ஸ்பான்சர் ஆகலாம்

நிபந்தனைகள் மூன்றுதான். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்க வேண்டும். அமெரிக்காவிலேயே நிலையாகக் குடியிருக்க வேண்டும். இரத்த உறவு தேவையே இல்லை. கணவரின் கல்லூரி நண்பர் போடலாம், வீட்டுக்காரர் போடலாம். நம் ஊரில் உறவினரைத் தேடுவது நம்பிக்கையினால்தான்.

இந்த நிபந்தனைகளை மனத்தில் வைத்து மேலே சொன்ன உறவுகளைப் பாருங்கள். மன்னார்குடித் தாய்மாமா எவ்வளவு வசதியானவராக இருந்தாலும் கையெழுத்துப் போட முடியாது. அவர் அமெரிக்காவில் வசிக்கவில்லை. ஊரில் இருக்கும் பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் அப்படியே. சுற்றுலா விசாவில் ஆறு மாதம் மகன் வீட்டில் தங்கிவிட்டு வருகிற மாமனாரும் கணக்கில் வரமாட்டார்.

நியூ ஜெர்சியில் பதினைந்து ஆண்டுகளாக இருக்கும் பெரியம்மா மகன் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். நல்ல சம்பளம், சொந்த வீடு, அங்கேயே பிறந்த பிள்ளைகள் எல்லாம் இருக்கும். ஆனால் அவர் இன்னும் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கலாம். வேலை வழியாகக் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்த இந்தியர்களின் வரிசை அவ்வளவு நீளம். கிரீன் கார்டு கைக்கு வராதவரை அவர் இணை ஸ்பான்சர் ஆக முடியாது. அவரைக் கேட்கும்போது, "அண்ணா, உங்களுக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டதா?" என்பதை முதலில் தயங்காமல் கேட்டுவிடுங்கள். பல மாதங்கள் மிச்சமாகும்.

டல்லாஸ் சித்தப்பாவிடம் கிரீன் கார்டு இருந்தால் அவர் தகுதியானவர். குடியுரிமை வாங்கியிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

இங்கே இன்னொரு வழியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதையும் இணை ஸ்பான்சரையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். கணவரும் அவருடைய அண்ணனும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் ஐ-864ஏ என்ற வேறொரு படிவத்தில் கையெழுத்திட்டால், அவருடைய வருமானத்தைத் தம்பியின் வருமானத்தோடு கூட்டிக் காட்டலாம். இதற்கு அண்ணனுக்குக் கிரீன் கார்டு தேவையில்லை, எச்-1பி விசாவில் இருந்தாலும் செல்லும். ஆனால் ஒரே கூரையின் கீழ் வசிப்பது கட்டாயம். உறவும் நெருக்கமாக இருக்க வேண்டும்: பெற்றோர், 18 வயது நிறைந்த பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன் மனைவி, அல்லது வரிக் கணக்கில் சார்ந்திருப்பவராகக் காட்டப்பட்டவர். ஒரே வீட்டில் இருந்தாலும் சித்தப்பாவும் மாமாவும் பொதுவாக இதற்குள் வரமாட்டார்கள். அவர்கள் உதவ விரும்பினால் தனியாக ஐ-864 போட வேண்டும்.

கூட்டுவதில்தான் இந்த இரண்டு வழிகளும் முக்கியமாக வேறுபடுகின்றன. ஐ-864ஏ வழியில் இரண்டு வருமானங்கள் சேர்ந்து வரம்பைத் தொட்டால் போதும். இணை ஸ்பான்சர் வழியில் அப்படிச் சேர்க்க முடியாது. கணவரிடம் பாதி, சித்தப்பாவிடம் பாதி என்று காட்ட வழியில்லை. சித்தப்பா ஒருவரே முழு வரம்பையும் தாண்ட வேண்டும். அவர் வேண்டுமானால் தன் வீட்டில் இருக்கும் சித்தியின் சம்பளத்தை ஐ-864ஏ மூலம் தன் வருமானத்தோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஊருக்கே திரும்பிவிட்ட அமெரிக்கக் குடிமக்களும் டெல்டாவில் இப்போது உண்டு. கும்பகோணத்தில் மனைவியோடு வாழ்ந்துகொண்டு, இனி அமெரிக்கா போகலாம் என்று முடிவெடுக்கிறார்கள். அவர்கள் அமெரிக்காவில் தங்கள் குடியிருப்பை மீண்டும் நிறுவப்போவதைக் காட்ட வேண்டும்: வேலைக்கான கடிதம், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை போன்றவை. மனைவி போய் இறங்குவதற்கு முன்போ அவரோடு சேர்ந்தோ கணவரும் அங்கே குடியேற வேண்டும். இந்தக் குறையை எந்த இணை ஸ்பான்சராலும் நிரப்ப முடியாது. சித்தப்பா கோடீஸ்வரராக இருந்தாலும், மனுக் கொடுத்தவருக்கு அமெரிக்கக் குடியிருப்பு இல்லையென்றால் விண்ணப்பம் நகராது.

நான் சொல்வதெல்லாம் அமெரிக்க விதிகள். லண்டன் மாப்பிள்ளைக்கு இதைப் பொருத்திப் பார்க்காதீர்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 11 முதல் துணைவரை அழைக்க ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் கேட்கிறார்கள். விதிவிலக்கான சூழ்நிலைகளைத் தவிர, உறவினர் தாங்குவதாகச் சொல்வதை அங்கே ஏற்பதில்லை.

எவ்வளவு வருமானம் வேண்டும்

அமெரிக்க அரசு ஒவ்வோர் ஆண்டும் வறுமைக்கான வருமான அளவை வெளியிடுகிறது. அதில் 125 சதவீதம் இருக்க வேண்டும் என்பது பொது விதி. படையில் முழுநேரப் பணியில் இருப்பவர் தன் மனைவியையோ பிள்ளையையோ அழைத்தால் 100 சதவீதம் போதும். 2025ஆம் ஆண்டின் அளவுப்படி இரண்டு பேர் கொண்ட குடும்பத்துக்கு 26,437 டாலர், மூன்று பேருக்கு 33,312, நான்கு பேருக்கு 40,187, ஐந்து பேருக்கு 47,062. அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் 6,875 டாலர் கூட்டிக்கொள்ள வேண்டும். அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் இதைவிடக் கூடுதல். எண்கள் ஆண்டுதோறும் மாறுவதால், விண்ணப்பிக்கும் நேரத்தில் ஐ-864பி (I-864P) என்ற பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை பேர் என்று எண்ணுவதில்தான் பிழை வருகிறது. நீடாமங்கலத்துப் பெண்ணுக்கு ஹூஸ்டனில் கணவர் என்று ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கணவருக்குப் பல்கலைக்கழக உதவித்தொகையாக ஆண்டுக்கு 19,000 டாலர் வருகிறது. அவர் ஒருவர், வரப்போகும் மனைவி ஒருவர், ஆக இரண்டு பேர். தேவை 26,437. கணவர் தகுதி பெறவில்லை.

டல்லாஸ் சித்தப்பாவிடம் வருவோம். அவர், சித்தி, இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர். வரப்போகும் மருமகளையும் இவர் கணக்கில் சேர்க்க வேண்டும், ஆக ஐந்து. 47,062 டாலர் தேவை. அவர் வருமானம் 58,000 என்றால் தாராளமாகத் தேறிவிடுவார் என்று தோன்றும். ஆனால் அவர் குடியுரிமை வாங்கிய கையோடு தன் அம்மா அப்பாவுக்கு ஐ-864 போட்டு அழைத்துக்கொண்டவர் என்று வையுங்கள். அந்தப் பொறுப்பு இன்னும் முடியாததால் அந்த இரண்டு பேரும் எண்ணிக்கையில் வருவார்கள். ஆக ஏழு. தேவை 60,812. சித்தப்பா தேறவில்லை. சித்தியின் சம்பளத்தைச் சேர்த்தால்தான் முடியும்.

எதை வருமானம் என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. சம்பளக்காரருக்குச் சிக்கல் குறைவு. உணவகமோ பெட்ரோல் நிலையமோ நடத்துகிறவர் ஊருக்கு வரும்போது செல்வந்தராகத் தெரிவார். வரிக் கணக்கில் செலவுகளைக் கழித்த பிறகு மிஞ்சுவது சிறிய தொகையாக இருக்கலாம். அதிகாரி பார்ப்பது வரிக் கணக்கில் உள்ள மொத்த வருமானத்தையும் இப்போதைய வருமானத்துக்கான ஆதாரத்தையும்தான். மனைவி நீடாமங்கலத்துப் பள்ளியில் வாங்கும் சம்பளம் இதில் சேராது. விமானம் ஏறினால் அந்தச் சம்பளம் நின்றுவிடும் என்பதே காரணம்.

உறவினரைக் கேட்பதற்கு முன் சொந்தக் கையைப் பாருங்கள்

வருமானம் குறைந்தால் சொத்தைக் காட்டி நிரப்பலாம். இது பலருக்குத் தெரியாத வாசல். நம் பகுதிக் குடும்பங்களுக்கு இது மிகவும் பொருந்தும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்கக் குடிமகனின் மனைவி என்றால், குறைகிற தொகையைப் போல் மூன்று மடங்கு மதிப்புள்ள சொத்து வேண்டும். கணவர் கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் என்றால் ஐந்து மடங்கு. ஹூஸ்டன் கணவருக்குக் குறைவது 7,437 டாலர். மூன்று மடங்கு 22,311. ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 19 லட்சம். சம்பா அறுவடைப் பணத்தையும் சீர்ப் பணத்தையும் பெண்ணின் பெயரில் வைப்பாகப் போட்டு வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது எட்டாத தொகை இல்லை.

இங்கே முக்கியமான சலுகை ஒன்று உண்டு: குடியேறப்போகும் மனைவியின் சொந்தச் சொத்தையும் காட்டலாம். அது இந்தியாவில் இருந்தாலும் பரவாயில்லை. ஓராண்டுக்குள் பெரிய நட்டமோ சிரமமோ இல்லாமல் பணமாக்க முடியும், அந்தப் பணத்தை நாட்டுக்கு வெளியே எடுத்துச்செல்ல முடியும் என்பதைக் காட்டினால் போதும். இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம். ஆகவே இரண்டாவது நிபந்தனை பெரிய தடை ஆகாது.

முதல் நிபந்தனையில்தான் நம் நிலங்கள் தடுக்கி விழுகின்றன. பெண்ணுக்குப் பங்கு உண்டு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும், அல்லது நான்கு பேர் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கும். பாகப்பிரிவினை நடந்திருக்காது. அப்படிப்பட்ட நிலத்தை அவளுடைய சொத்தாகக் காட்ட முடியாது. கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு உழுகிறவர்கள் தலைமுறைகளாக அனுபவித்து வந்தாலும் அது சொந்தச் சொத்து ஆகாது. சொந்த நஞ்சையிலேயே பதிவு பெற்ற குத்தகைதாரர் இருந்தால், ஓராண்டுக்குள் நல்ல விலைக்கு விற்கலாம் என்று நம்பவைப்பது கடினம். பெண்ணின் பெயரிலேயே கிரயப் பத்திரமோ செட்டில்மென்ட் பத்திரமோ, தனிப் பட்டா, வில்லங்கச் சான்று, அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரின் சான்று ஆகியவை இருந்தால் நிலம் பயன்படும். தமிழில் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். இவ்வளவும் சேர்ப்பதைவிட வங்கி வைப்பு எளிது, தெளிவானது. ஆவணங்கள் சரியாக இருந்தாலும் நிலத்தை மட்டும் நம்பி நேர்காணலுக்குப் போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்; அதன் மதிப்பை ஏற்பதா இல்லையா என்பது அதிகாரியின் முடிவு.

மன்னார்குடித் தாய்மாமாவுக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. அவரால் கையெழுத்துப் போட முடியாது. ஆனால் மருமகளுக்கு உண்மையான அன்பளிப்பாகப் பணம் கொடுக்கலாம். அவள் கணக்கில் வந்த பிறகு அது அவள் பணம். நேர்காணலுக்குக் காட்டிவிட்டுத் திருப்பி எடுத்துக்கொள்வதாகப் பேசிக்கொண்டு போடும் பணம் அன்பளிப்பு இல்லை, பொய். அதைச் செய்யாதீர்கள். விசா அதிகாரியிடம் சொல்லும் பொய் வாழ்நாள் தடையாகவே முடியலாம்.

சித்தப்பா எதற்குக் கட்டுப்படுகிறார்

கட்டுரையில் மற்றவற்றை மேலோட்டமாகப் படித்தாலும் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். கையெழுத்திடப் போகிறவரும் படிக்கட்டும்.

மனைவி கிரீன் கார்டோடு அமெரிக்காவில் இறங்கிய நாளில் பொறுப்பு தொடங்குகிறது. அவளுடைய வாழ்க்கை வறுமை அளவின் 125 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வதாகக் கணவரும் சித்தப்பாவும் உறுதி தருகிறார்கள். இருவரில் யாரிடமிருந்து வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கோரலாம். "முதலில் கணவரிடம் கேளுங்கள்" என்று சித்தப்பா தட்டிக்கழிக்க முடியாது. வறுமையைக் காரணமாகக் கொண்டு தரப்படும் அரசு உதவிகளை, அதாவது உணவு உதவி, மெடிக்கெய்ட் மருத்துவ உதவி போன்றவற்றை அவள் பெற்றால், கொடுத்த துறை அந்தப் பணத்தைக் கையெழுத்திட்டவரிடம் திருப்பிக் கேட்கலாம், வழக்கும் போடலாம்.

அச்சத்தைப் பெரிதாக்கவும் கூடாது. கிரீன் கார்டு பெற்றவர்கள் பெரும்பாலும் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு இத்தகைய கூட்டரசு உதவிகளைப் பெறவே முடியாது. அதன் பிறகும் தகுதியைப் பார்க்கும்போது ஸ்பான்சரின் வருமானத்தையும் அவளுடையதாகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். கணவன் மனைவி ஒற்றுமையாக, இருவரில் ஒருவராவது வேலை செய்து வாழ்கிற வீட்டில் சித்தப்பாவுக்கு ஒரு பைசா செலவில்லாமல் போவதே வழக்கம்.

ஆபத்து வருவது மணமுறிவில். விவாகரத்து ஆனாலும் இந்த ஒப்பந்தம் முடியாது. பிரிந்துபோன மனைவி வருமானமின்றி நின்றால், ஐ-864ஐக் காட்டி ஆதரவுத் தொகை கேட்டு வழக்குப் போடலாம். அமெரிக்க நீதிமன்றங்கள் அதற்கு ஆணையிட்டிருக்கின்றன. அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது நியாயமான பாதுகாப்பு. அந்நிய தேசத்தில் கைவிடப்பட்ட நம் ஊர்ப் பெண்ணுக்கு இது பிடிமானம், அவளுடைய பெற்றோர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆனால் சித்தப்பாவின் பக்கத்திலிருந்து பார்த்தால், அவருக்குக் கையே இல்லாத ஒரு மணவாழ்வின் தோல்விக்கு அவர் பணம் கட்டும் நிலை வரலாம். இரண்டுமே உண்மை.

பொறுப்பு எப்போது முடியும்? வந்தவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றால் முடியும். அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டமான சமூகப் பாதுகாப்புக் கணக்கில் அவருக்கு 40 காலாண்டுகளின் உழைப்பு வரவானால் முடியும். கிரீன் கார்டை விட்டுவிட்டு நாட்டை விட்டு நிரந்தரமாகப் போய்விட்டால் முடியும். வந்தவர் இறந்தாலும், கையெழுத்திட்டவர் இறந்தாலும் முடியும். ஆனால் அதற்கு முன்பே சேர்ந்துவிட்ட கடன் இருந்தால் அது கையெழுத்திட்டவரின் சொத்திலிருந்து கோரப்படலாம். 40 காலாண்டு என்பது ஆண்டுக்கு நான்கு வீதம் குறைந்தது பத்து ஆண்டு உழைப்பு. மணவாழ்வின்போது கணவர் ஈட்டும் காலாண்டுகளும், அந்த மணம் நீடிக்கும்வரை, மனைவிக்குக் கணக்காகும்.

குடியுரிமைதான் இவற்றில் விரைவான வழி. குடிமகனோடு சேர்ந்து வாழும் மனைவி கிரீன் கார்டு பெற்ற மூன்று ஆண்டுகளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே சித்தப்பாவின் சுமை மூன்று நான்கு ஆண்டுகளில் இறங்குமா, பத்து ஆண்டுகளைத் தாண்டுமா என்பது பெரும்பாலும் வந்த பெண்ணின் முடிவைப் பொறுத்தது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை; இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும். ஊரில் நஞ்சை உள்ள பெண்கள் இதற்காகவே குடியுரிமையைத் தள்ளிப்போடுகிறார்கள். அவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும்: இந்தியாவில் வசித்தபோதே பெற்ற விளைநிலத்தை, ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) பெற்ற பிறகும் வைத்துக்கொள்ளலாம்; பரம்பரைச் சொத்தாகவும் நிலம் பெறலாம். புதிதாக விளைநிலம் விலைக்கு வாங்கத்தான் முடியாது.

எப்படிக் கேட்பது

ஊரிலிருந்து பெரியவர்கள் தொலைபேசியில் "தம்பி, நீதான் செய்ய வேண்டும்" என்று சொல்லிவிட்டால் மறுக்க முடியாத பிள்ளைகள்தான் நம் வீட்டுப் பிள்ளைகள். அதனாலேயே அப்படிக் கேட்கக் கூடாது. கணவரே நேரில் போய் அல்லது தானே அழைத்துப் பேச வேண்டும். "சித்தப்பா, இது பத்து ஆண்டையும் தாண்டிப் போகக்கூடிய பொறுப்பு. நாங்கள் பிரிந்தாலும் உங்களை விடாது. யோசித்துச் சொல்லுங்கள், மறுத்தால் வருத்தமில்லை" என்று சொல்லிப் படிவத்தின் விளக்கக் குறிப்பையும் அனுப்புங்கள். சித்தியும் உடனிருக்கும்போது பேசுவது நல்லது. டெக்சாஸ், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் மணவாழ்வில் ஈட்டியது கணவன் மனைவி இருவருக்கும் பொதுச் சொத்து. அவர் ஏற்கப்போகிற பொறுப்பில் சித்தியின் உழைப்பும் இருக்கிறது.

சித்தப்பாவின் சொந்தத் திட்டங்களையும் கேளுங்கள். அடுத்த ஆண்டு தன் அம்மாவை அழைக்க நினைத்திருந்தால், இன்று உங்களுக்குப் போடும் கையெழுத்து அன்று அவர் குடும்ப எண்ணிக்கையில் ஒருவரைக் கூட்டிவிடும். உங்களுக்காக அவர் அம்மா காத்திருக்க நேரலாம். விசா வழங்கப்படுவதற்கு முன் அவர் மனம் மாறினால் எழுத்து மூலம் விலகிக்கொள்ளலாம் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். மனைவி கிரீன் கார்டோடு உள்ளே வந்த பிறகு விலக வழியில்லை.

உறவில் யாரும் கிடைக்காதபோது, பணம் வாங்கிக்கொண்டு ஸ்பான்சர் பிடித்துத் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட்டுகள் தென்படலாம். அந்தப் பக்கம் போகவே வேண்டாம். கணவர் வேலையில் சேரும்வரை ஆறு மாதம் காத்திருப்பது அதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

அவர் ஒப்புக்கொண்டால் கேட்கப்படும் தாள்கள் அதிகமில்லை. நிரப்பிக் கையெழுத்திட்ட ஐ-864, கடைசி ஆண்டு வருமான வரிக் கணக்கு அல்லது வரித் துறையின் டிரான்ஸ்கிரிப்ட், டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளச் சான்று, வேலை தரும் நிறுவனத்தின் கடிதம், அண்மைச் சம்பளச் சீட்டுகள், குடியுரிமைக்கு அல்லது கிரீன் கார்டுக்கு ஆதாரம். நோட்டரி முத்திரை தேவையில்லை. கணவரின் பத்திரமும் ஆதாரங்களும் இதே போல் தனியாக வேண்டும். சித்தப்பாவின் வரிக் கணக்கில் அவருடைய சம்பளம், சமூகப் பாதுகாப்பு எண், பிள்ளைகளின் விவரம் எல்லாம் இருக்கும். அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிடாமல் ஒருவர் மட்டும் கையாள வேண்டும்.

இவை இணையம் வழியாக அமெரிக்க அரசின் தேசிய விசா மையத்துக்குப் போகின்றன. ஆதரவுப் பத்திரத்தைப் பரிசீலிக்க 120 டாலரும், விசா விண்ணப்பத்துக்கு 325 டாலரும் கட்டணம். எல்லாம் சரியாக இருந்தால் நேர்காணலுக்கு நாள் குறிப்பார்கள். நம் பகுதியினர் இதற்குப் பெரும்பாலும் மும்பை போகிறார்கள். நேர்காணலுக்குப் போகும் பெண்ணுக்குச் சித்தப்பா என்ன வேலை செய்கிறார், எந்த ஊரில் இருக்கிறார், ஏன் உதவுகிறார் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒருமுறையாவது அவரோடு பேசியிருப்பது நல்லது.

ஆதரவுப் பத்திரம் போதாது என்று அதிகாரி கருதினால் 221(ஜி) என்று குறித்த தாளைக் கொடுத்து அனுப்புவார். வீட்டில் அழுகை கிளம்பிவிடும். ஆனால் அது கதவடைப்பு இல்லை. வேறொரு இணை ஸ்பான்சரின் பத்திரத்தையோ கூடுதல் ஆதாரத்தையோ பிறகு கொடுக்கலாம். ஓராண்டுக்குள் கொடுத்துவிட்டால் மறுபடி விண்ணப்பக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகும் சித்தப்பாவுக்கு ஒரு கடமை மிச்சமிருக்கிறது. பொறுப்பு முடியும்வரை, வீடு மாறும் ஒவ்வொரு முறையும் 30 நாட்களுக்குள் ஐ-865 படிவத்தில் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும். தவறினால் 250 டாலர் முதல் 2,000 டாலர் வரை அபராதம். வந்தவர் அரசு உதவி பெறுவது தெரிந்தும் தெரிவிக்காமல் இருந்தால் அது 5,000 வரை போகலாம். கையெழுத்துப் போட்டதோடு வேலை முடிந்தது என்று அவர் இதை மறந்துவிடக்கூடும். நினைவூட்டுவது உதவி பெற்றவர்களின் வேலை. அதே போல் மனைவி குடியுரிமைப் பிரமாணம் எடுத்த அன்றே சான்றிதழின் நகல் ஒன்றைச் சித்தப்பாவுக்கு அனுப்பிவிட வேண்டும். தன் பொறுப்பு முடிந்தது என்பதற்கு அவர் கையில் இருக்க வேண்டிய ஆதாரம் அது.